வெறும் மண் – 14: ஏழாம் நாற்காலி

சனிக்கிழமை காலை தெருவில் முதலில் எழுந்தவர் லேத்காரர். பட்டறையின் தகரக் கதவைத் தூக்கப் போனவர் பக்கத்து வீட்டு வாசலில் கால் இடறினார். விழவில்லை. ஆனால் விழுந்தவன் பேசுகிற பேச்சையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்.

இடறியது ஒரு மரமுளை. ஒரு சாண் உயரம். தலையில் சிவப்புப் பெயின்ட், அதன்மேல் வெள்ளையில் ஓர் எண்: 19.

"இங்க கொஞ்சம் வந்து பாரேன்," என்று மனைவியான டீச்சரைக் கூப்பிட்டார். "பார்பர் வீட்டு வாசல்ல என்னமோ முளைச்சிருக்கு. தண்ணி ஊத்துனது யாருன்னு தெரியல."

டீச்சர் ஈரக்கையோடு வந்து பார்த்தாள். தெரு நெடுக இதே முளைதான், வாசலுக்கு ஒன்றாக. எப்போது அடித்தார்களோ தெரியாது. லேத் சத்தத்தில் பழகிய தெரு. சுத்தியல் சத்தத்துக்கா விழித்துக்கொள்ளப் போகிறது?

பார்பர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். அவர் வீட்டுக் கதவு எண் நான்கு. அடுத்த வீடு ஐந்து, அங்கே முளையில் மூன்று. அதற்கடுத்த வீடு ஆறு, முளையில் இருபத்திரண்டு. எண்ணத் தெரியாத ஆளை எவனோ வேலைக்கு வைத்திருக்கிறான், இன்றைக்கே அவனையும் டீச்சர் வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பார்பர் சொல்ல, கூடியிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

டீச்சரும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் கண் தையல்காரம்மா வாசலுக்குப் போனது. கதவு எண் பதினொன்று. முளையில் ஏழு.

அவள் சிரிப்பு அங்கேயே நின்றது.

ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தக் கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் வருகிறவர்கள் அதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வரலாம்.

அந்தத் தெருவில் இருபத்து மூன்று வீடுகள். வீடு அவரவர் கட்டியது, மண் மட்டும் வேறொருவருடையது. அந்த மனைக்காரரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவர் ஆபீஸ் ஆட்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். முப்பது வருஷ ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி மண்ணுக்கு என்ன வாடகை என்பது மண்ணின் மதிப்பைப் பொறுத்தது. கட்ட முடியாதவர்கள் கிளம்ப வேண்டியதுதான். கட்டிய வீட்டை என்ன செய்வது? சுவரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டா போக முடியும்?

அந்த மதிப்பை மனைக்காரர் தன் இஷ்டத்துக்குச் சொன்னால் செல்லாது. விசாரணையில் நிரூபிக்க வேண்டும், அதற்கு வருஷக்கணக்காகும். குடியிருப்பவர்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். அப்படிப் போடுகிற அளவுக்குத் தெருவில் யாரும் ஏமாளி இல்லை என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் டீச்சர், சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் இலவச வகுப்பு ஆரம்பித்ததும் இதற்காகத்தான். மண்ணின் விலை எங்கிருந்து வருகிறது, அது யாருக்குச் சேர வேண்டும், ஓடி ஓடி உழைக்கிறவன் ஏன் அதே இடத்தில் நிற்கிறான் என்றெல்லாம் பேசினாள். வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். தெருவுக்குச் சம்பந்தமில்லாத ஒரே ஒருவரும் வந்தார். கடைசி வரிசையில் உட்காருவார், வாயைத் திறக்கமாட்டார், மழையே இல்லாத நாளிலும் ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பார். ஏதோ பத்திரிகைக்காரர் என்று நினைத்து அவரைக் குடைக்காரர் என்று கூப்பிட்டார்கள். மழை எப்போது வரும் என்று தையல்காரம்மா வாராவாரம் அவரைக் கேட்டுக் கிண்டல் செய்வார்.

மூன்று வாரத்துக்கு முந்தைய பாடம்தான் வினை.

"உங்க வீட்டைக் கழிச்சுடுங்க," என்றாள் டீச்சர் அன்றைக்கு. "சுவர் போச்சு, கூரை போச்சு, கதவு போச்சு. வெறும் மண்ணுதான் இருக்கு. அதுக்கு மதிப்பு என்ன?"

முதலில் தையல்காரம்மாவைக் கேட்டாள். அவர் யோசித்து ஒரு தொகை சொன்னார். பார்பர் அதைவிடக் கூடச் சொன்னார். உடனே தையல்காரம்மா எழுந்து நின்று தன் தொகையை இரட்டிப்பாக்கினார். "என் மதிப்பை நானே குறைச்சுச் சொல்லுவேனா?" என்று கேட்டார். மதிப்பு என்றால் விலையா மரியாதையா என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் ஒரு பூஜ்யமாவது கூடச் சொல்லாமல் யாரும் உட்காரவில்லை.

டீச்சர் தடுக்கவில்லை. விலை ஏற ஏற அவள் பாடத்துக்குத்தான் வசதி. இவ்வளவையும் ஏற்றியது யார் என்று கேட்டாள். பஸ் நிறுத்தம் ஏற்றியது, பள்ளிக்கூடம் ஏற்றியது, குழாய்த் தண்ணீர் ஏற்றியது, முப்பது வருஷம் கடை திறந்து வைத்து இதைத் தெருவாக்கிய நீங்கள் ஏற்றினீர்கள். ஊர் சேர்ந்து ஏற்றியது ஒருத்தர் மடியில் மட்டும் விழுவது என்ன நியாயம்? கேட்டவர்கள் கைதட்டினார்கள். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சரிதான். ஆனால் டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்து இல்லாத தாளுக்கு மார்க் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே ஊறிவிட்டது. அன்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரியவர்களும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். தாளின் தலையில் அவளே முத்து முத்தாகத் தலைப்பு எழுதினாள்: "எங்கள் மனையின் மதிப்பு – நாங்கள் ஒப்புக்கொண்டது." வகுப்பு பேசி முடிவுசெய்தது என்ற அர்த்தத்தில்தான் எழுதினாள், பாவம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இங்கே ஒரு தெருவே போட்டுக்கொண்டது.

மாதிரிக்கு முதல் வரியில் தன் வீட்டை எழுதி ஒன்று என்று போட்டாள். மற்றவர்களுக்கு, உட்கார்ந்திருந்த நாற்காலியின் எண். மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து நூலகம் ஏலத்தில் எடுத்த நாற்காலிகள் அவை. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் இருக்கும்.

தையல்காரம்மா உட்கார்ந்தது ஏழில். பார்பர் பத்தொன்பதில்.

இப்போது புரிகிறதா, அவளுக்கு ஏன் சிரிப்பு நின்றது என்று? அவள் இரண்டு தடவை தெருவை நடந்து பார்த்தாள். இரண்டிலிருந்து இருபத்து மூன்று வரை இருந்தது. தன் வாசலுக்கு வந்தாள். பெருக்கிய மண் பெருக்கியபடியே இருந்தது. அங்கே முளை இல்லை.

"நம்மளை விட்டுட்டாங்களே," என்றார் லேத்காரர். விளையாட்டாகத்தான் சொன்னார்.

புடவையைக்கூட மாற்றாமல் நூலகத்துக்கு ஓடினாள். தாள் மாடிச் சுவரில் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடும்போதுதான் மூலையைக் கவனித்தாள். நான்கு மூலைக்கும் நான்கு ஊசிதான் குத்தியிருந்தாள். இப்போது மூலைக்கு இரண்டு ஓட்டை இருந்தது. யாரோ கழற்றி, திரும்பக் குத்தியிருக்கிறார்கள்.

நூலகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். புதன்கிழமை அவள் தம்பிதான் வந்து வாங்கிப்போனானாம். அக்கா ஒரு காப்பி கேட்டாள் என்றானாம். அரை மணியில் திருப்பிக் கொண்டுவந்து தானே மாட்டிவிட்டும் போனானாம். நல்ல பையன் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

தம்பி சர்வேயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்ததால் தெரு அவனுக்குச் சங்கிலி என்று பெயர் வைத்தது. இப்போது சங்கிலி போய் மெஷின் வந்துவிட்டது, பெயர் போகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். அவளைப் பொறுத்தவரை அவன் தம்பி இல்லை, மூத்த பிள்ளை.

மெயின் ரோட்டு முனையில் முக்காலியை நிறுத்தி அளந்துகொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தையல்காரம்மா வாசல்ல ஏழு எப்படி வந்துச்சுன்னு நீயே சொல்லிடு," என்றாள்.

சொன்னான். குடைக்காரர் பத்திரிகைக்காரர் இல்லை, மனைக்காரர் ஆபீஸில் மதிப்புப் போடுகிற அதிகாரி. தாளைச் சுவரில் பார்த்த அன்றே அவருக்கு அது என்ன என்று விளங்கிவிட்டது. காப்பி ஒன்று கேட்டார். நீ தராவிட்டால் வேறு வழியில் எடுப்பேன் என்றார், தந்தால் ஆபீஸில் உன் தற்காலிக வேலை நிரந்தரம் என்றார். இவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிலுக்கு அக்கா வீட்டை விட்டுவிடக் கேட்டான்.

"உன் வீட்டையாவது காப்பாத்தணும்னு நெனச்சேன்க்கா. உன் வரிமேல ஸ்கேலை வெச்சு மறைச்சுட்டுத்தான் காப்பி எடுத்தேன்."

"தலைப்பை மறைச்சியா?"

அவன் மெஷினின் திருகைத் திருகினான்.

"அது என் எழுத்துடா. என் கையால தலைப்பு எழுதி, இருபத்திரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன். என் வீடு மட்டும் அதுல இல்ல. பார்க்கறவங்க என்னை யாருன்னு நெனப்பாங்க?"

இதை அவன் யோசிக்கவே இல்லை. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய் அக்காவையே காட்டிக்கொடுத்தவளாக்கிவிட்டோம் என்பது அந்த வெயிலில்தான் அவனுக்கு உறைத்தது. அவளுக்கு அவனை அறையவும் வேண்டும்போல் இருந்தது, அழவும் வேண்டும்போல் இருந்தது. நடுரோட்டில் இரண்டுமே முடியாது.

விஷயத்தை மட்டும் கறந்தாள். திங்கட்கிழமை காலை விசாரணை. இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் அது வகுப்புக் கணக்கு, ஒப்புதல் இல்லை என்று சொல்லிவிட்டால் தாள் குப்பைக்குத்தான் போகும். ஒரே ஒருவர், ஆமாம், மனசறிந்துதான் போட்டேன் என்று சொன்னால் போதும். தாள் உண்மை என்றாகிவிடும், எல்லாருக்கும் செல்லும்.

"ஒருத்தர் போதுமா?"

"ஒருத்தர் போதும்க்கா."

பதினொரு மணி வகுப்புக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. காலையில் சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. தையல்காரம்மா தன் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் எண்ணின் மேல் இருந்தது.

"டீச்சரம்மா, என் வாசல்ல ஏழு. இந்த நாற்காலியும் ஏழு," என்றார் மெதுவாக. "உங்க வாசல்ல ஏன் ஒண்ணுமில்ல?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவள் அந்த நொடியைப் போகவிட்டாள். தாள், தலைப்பு, தம்பி, ஸ்கேல், குடை என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். தம்பி பெயர் வந்த இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"தப்பு என்னோடது," என்றாள். "திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து போனாத்தான் வீடு தப்பிக்கும். என்கூட வர்றவங்க, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள உங்க வாசல் முளையைப் பிடுங்கி என் வாசல்ல வெச்சுடுங்க. வராதவங்களை நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

ஒவ்வொருவராக எழுந்து படியிறங்கினார்கள். கடைசியில் நின்றது தையல்காரம்மா.

"அன்னிக்கு என்னை ஏன் மொதல்ல கேட்டீங்க?"

"நீங்கதான் பயப்படாம பேசுவீங்க. உங்களைப் பார்த்து மத்தவங்களும் பேசுவாங்கன்னுதான்."

அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றா, சரிதான் போ என்றா, டீச்சருக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் லேத்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அழுக்கு எதுவும் மிச்சமில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று முனகினார். பிறகு மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"உன் தம்பிகிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன். வர்ற முளைக்கு இடம் வேணுமில்ல?"

இரண்டு மணி ஆயிற்று, மூன்றாயிற்று. தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னல்கள் கொஞ்சமாகத் திறந்து மூடின. திறந்த ஜன்னலை அவள் நிமிர்ந்து பார்த்தால் அது மூடிக்கொண்டது. பதினைந்து வருஷம் இதே தெருவில் நடந்தவளுக்கு அன்று வாசலில் உட்காரவே கூசியது.

மூன்றரைக்குப் பார்பர் வந்தார். முளையை அவள் காலடியில் போட்டார்.

"வகுப்புக்கு வந்தா புத்தி வரும்னாங்க. வீடு போகும்னு யாரும் சொல்லல," என்றார். போனவர் நாலு அடியில் திரும்பி வந்தார். கீழே கிடந்த முளையை எடுத்து நேராக நட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்தார்கள். சிலர் முகம் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் தெருவரை கேட்டது, பிறகு மனைவி மட்டும் முளையோடு வந்தாள். ஐந்து மணிக்குப் பதினான்கு. ஐந்தரைக்குப் பதினெட்டு. லேத்காரர் ஒவ்வொன்றையும் எண்ணின்படி வரிசைப்படுத்தி நட்டார். இரண்டாவது வரிசை வரும்போது அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. இருபத்தொன்று வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு இன்னும் எரியவில்லை, வெளிச்சம் மட்டும் மஞ்சளாகியிருந்தது.

அப்போதுதான் சங்கிலி வந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் பையைத் திறந்து ஒரு முளையை எடுத்தான். சிவப்புத் தலை, வெள்ளையில் ஒன்று. சுவரில் தாளைப் பார்த்த கையோடு அதையும் செய்துவிட்டு, பேரத்துக்குப் பிறகு அடிக்க வேண்டாம் என்று அவனிடமே கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறான். முட்டிபோட்டு உட்கார்ந்து அக்கா வாசலில் முதல் இடத்தில் அவனே அடித்தான். அடிக்கும்போது அழுதான். வேலை போய்விடும் என்றாள் அவள். போகட்டும் என்றான்.

லேத்காரர் குனிந்தார். சுத்தியலைப் பிடிக்கிற பிடியா இது மாப்ளே என்று அவன் கையிலிருந்து வாங்கி, சாய்ந்திருந்த முளையை நிமிர்த்தினார்.

டீச்சர் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து, ஆறு. அடுத்து எட்டு.

மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் லேத்காரர் ஒரு சாண் இடம் விட்டுவைத்திருந்தார். தையல்காரம்மாவுக்கு என்ன அவசரம், எல்லாருக்கும் கடைசியில் வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நடுவார் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தார்.

"மத்தியானத்துலேர்ந்து அவங்க மெஷின் ஓடல," என்றார்.

அவள் எழுந்து நடந்தாள். பதினொன்றாம் எண் வீடு எட்டு வீடு தள்ளி. மற்ற வாசல்களில் எல்லாம் முளை பிடுங்கிய ஓட்டைதான் இருந்தது. அந்த வாசலில் மட்டும் ஏழு அசையாமல் நின்றது.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாருக்கோ நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவள், நிலைக்குப் பக்கத்தில் சுவரோரம் பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அங்கே ஒரு கறுப்புக் குடை சாத்தி வைத்திருந்தது.

உள்ளிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது. பயமில்லாமல், எல்லாருக்கும் முதலில் பேசும் அதே குரல்.

"என் மதிப்பை நானே குறைச்சுச் சொல்லுவேனா, ஐயா?"